குரோம் தொட்டியில் வேலை: கையையும் மூக்கையும் காப்பாற்றிக்கொள்ளும் வழி

உலோகத்துக்கு முலாம் பூசும் பிளேட்டிங் பட்டறைக்குப் புதிதாக வருகிற பையன்கள் பயப்படுவது ஹைட்ரோகுளோரிக்குக்கும் சல்ஃப்யூரிக்குக்கும்தான். அதுகள் பட்ட உடனே சுடும், புகையும், ஆளைத் துள்ள வைக்கும். குரோமிக் ஆசிட், பூசின பொருளை அலசும் ரின்ஸ் தண்ணீர் அளவுக்கு நீர்த்துப் போயிருந்தால் கையில் பட்டது தெரியவே தெரியாது. கை மஞ்சளாகும், சோப்புப் போட்டால் போய்விடும், அவ்வளவுதான் என்று விட்டுவிடுவார்கள். நான் தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்காரன். கோயம்புத்தூரிலும் கஞ்சிக்கோட்டிலும் ஹார்டு குரோம் தொட்டிகளோடுதான் என் பிழைப்பு. இந்த வேலையில் வலி வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தவர்களின் கைகளையும் மூக்குகளையும் நிறையப் பார்த்தாகிவிட்டது. அதனால் இது முழுக்க, வலிக்காதபோதே எதை, எப்போது, எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பற்றித்தான்.

முதலில் சரக்கு. டிரம்மில் கருஞ்சிவப்புச் சில்லுகளாக வருவது குரோமியம் ட்ரையாக்சைடு. பட்டறையில் ஃபிளேக்ஸ் என்போம். தண்ணீரில் போட்டால் குரோமிக் ஆசிட். ஸ்பின்னிங் மில் உருளை, பம்பு ஷாஃப்ட், ஹைட்ராலிக் ராடு, பிரிண்டிங் சிலிண்டர், பிளாஸ்டிக் மோல்டு என்று தேய்மானம் உள்ள எதற்கும் ஹார்டு குரோம் கேட்பார்கள். பூச்சு 20 மைக்ரானிலிருந்து சில நூறு மைக்ரான் வரை போகும், கடினம் விக்கர்ஸ் கணக்கில் 800-க்கு மேல் நிற்கும். குழாய்க்கும் பைக் சைலன்சருக்கும் போடும் பளபளப்பு வேறு வகை. அங்கே அழகுக்கு அடியில் இருப்பது நிக்கல், மேலே அரை மைக்ரான் கூட இல்லாத குரோம். விமான அலுமினியத்துக்கு அனோடைசிங், துத்தநாகப் பூச்சின் மேல் காப்புக்காக வரும் மஞ்சள் பாசிவேஷன், மரத்துக்குக் கரையான் மருந்து எல்லாவற்றிலும் இதே சரக்கு உண்டு. அந்தக் காலத்து ‘குரோம்’ ஆடியோ கேசட்டில் இருந்த குரோமியம் டையாக்சைடுக்கும் இதுதான் மூலம்.

பூசி முடித்த ராடு உங்களை ஒன்றும் செய்யாது, அது வெறும் உலோகம். ஆபத்து தொட்டியில் இருக்கும் ஹெக்சாவேலன்ட் குரோமியத்தில், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவத்தில். அது தோலுக்குள்ளும் செல்லுக்குள்ளும் சுலபமாகப் புகும். கிளாஸ்கோ பக்கத்து பைக்ரோமேட் தொழிலாளர்களின் கைப்புண்ணைப் பற்றி 1827-லேயே ஒரு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-இல் ஹெக்சாவேலன்ட் குரோமியச் சேர்மங்களை முதல் பிரிவில், அதாவது மனிதருக்கு நுரையீரல் புற்றுநோய் தருவது உறுதி என்ற பட்டியலில் வைத்தது. நம் பழைய தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் மூன்றாம் அட்டவணையிலேயே, கண்டால் மருத்துவர் அரசுக்குத் தெரிவித்தே தீர வேண்டிய நோய்களில் குரோம் புண்ணும் ஒன்றாக இருந்தது. இவ்வளவு காலமாகத் தெரிந்த விஷயம், பட்டறைக்குள் மட்டும் யாரும் சொல்வதில்லை.

கையைப் பார்ப்பது

வேலைக்கு இறங்கும் முன் வெளிச்சத்தில் இரண்டு கையையும் விரித்துப் பாருங்கள். விரல் மூட்டின் மேல்பக்கம், நகத்தைச் சுற்றிய சதை, விரலிடுக்கு, மணிக்கட்டில் கிளவுஸ் வாய் உரசும் இடம், முன்கை. பொருளைத் தொட்டியில் தொங்கவிடும் சட்டமான ஜிக்கில் கம்பி சுற்றும்போது விழும் சின்னக் கீறல்தான் வாசல். கீறலில் குரோமிக் இறங்கினால் முதலில் ஒரு சிவந்த பரு மாதிரி வரும். பிறகு நடுவில் குழி விழும். ஓரம் தடித்து உயர்ந்து, குழிக்குள் ஒரு பொருக்கு உட்கார்ந்திருக்கும். ஆணி அடித்துப் பிடுங்கிய ஓட்டை போல அளவெடுத்து வட்டமாக இருக்கும். வாரக்கணக்கில் ஆறாது, விட்டால் எலும்பு மூட்டு வரைக்கும் போகும்.

கொழிஞ்சாம்பாறைப் பையன் ஒருவன் டீ குடிக்கிறபோது கிளாஸைப் பிடித்த விரலைப் பார்த்துக் கூப்பிட்டேன். நடுவிரல் மூட்டில் மிளகு உள்ளே உட்காரும் அளவுக்குக் குழி.

“எத்தனை நாளாடா இது?”

“பத்திருபது நாளிருக்குமுங்ணா. வலியே இல்லீங்ளே, அதான் சொல்லலை.”

அழுத்திப் பார்த்தேன், அவன் முகம் மாறவில்லை. கேட்டால் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தானாம். ஓரத்துச் சதை வெள்ளையாகச் செத்துப் போயிருந்தது. அன்றைக்கே தொட்டியிலிருந்து மாற்றி ஈஎஸ்ஐ டாக்டரிடம் அனுப்பினோம். ஆறிவிட்டது, வட்டத் தழும்பு மட்டும் இருக்கிறது. புண் ஆறும் வரை அந்தக் கை மறுபடி குரோமிக்கைத் தொடக் கூடாது. இதில் பேரம் கிடையாது.

கீறல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி போட்டு, அதன்மேல் கிளவுஸ். பிவிசி, முழங்கை வரை வருகிற நீளம். போடும் முன் ஒவ்வொரு விரலிலும் காற்றை ஊதி மடக்கிப் பிடித்து ஓட்டை பாருங்கள். உள்ளே நனைந்த கிளவுஸ், கிளவுஸே இல்லாததைவிட மோசம், ஆசிட்டைக் கையோடு வைத்துக் கட்டினது போலத்தான். தோல் கையுறை, துணிக் கையுறை, தோல் செருப்பு எதுவும் வேண்டாம். காலுக்கு ரப்பர் கம்பூட், பேன்ட் வாய் பூட்டுக்கு வெளியே. உள்ளே விட்டால் சிந்தினது நேராகப் பாதத்துக்குத்தான் போகும்.

புண் ஒருவகை, அலர்ஜி இன்னொரு வகை. சிலருக்குக் கை முழுக்க அரித்து, வெடித்து, நீர் வடியும். ஒருமுறை உடம்பு குரோமேட்டுக்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் அது போவதில்லை. பிளேட்டிங் வேண்டாமென்று கொத்தனார் வேலைக்குப் போனவர்களுக்கு அங்கேயும் கை வெடிக்கும், ஏனென்றால் சிமென்ட்டிலும் இதே குரோமேட் துளியளவு உண்டு. குரோம் பதனிட்ட தோல் செருப்பு கூடச் சிலருக்கு ஆகாது. அதனால் அரிப்பு ஆரம்பித்த உடனே தோல் மருத்துவரிடம் போங்கள். மெடிக்கலில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு ஓட்டாதீர்கள்.

மூக்கைப் பார்ப்பது

தொட்டியில் போடும் கரண்டில் பத்திலிருந்து இருபது சதவீதம்தான் குரோமைப் பூசுகிறது. மீதியில் பெரும்பகுதி தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் போகிறது. அந்தக் குமிழிகள் மேலே வந்து உடையும்போதுதான் ஆசிட் தூவானமாகத் தெறிக்கிறது. சாராயம் மாதிரி ஆவியாகி வருவது கிடையாது. அதனால்தான் தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் ரெக்டிஃபயர் ஓடாதபோது தொட்டி சாதுவாக இருக்கும், ஆம்பியர் ஏற ஏற மூக்கு எரியும். டெசிமீட்டர் சதுரத்துக்கு 30, 40, 50 ஆம்பியர் என்று ஓட்டும் ஹார்டு குரோமில் தூவானம் அதிகம்.

மூக்கின் நடுச்சுவர் மேல் அது படிந்துகொண்டே இருக்கும். முதலில் சளி, தும்மல், அடிக்கடி ரத்தம் கசியும். பிறகு பொருக்குக் கட்டும். பொருக்கை விரலால் நோண்டுவார்கள், விரலிலும் குரோமிக் இருக்கும். கடைசியில் சுவரில் ஓட்டை விழும். ஓட்டை விழுந்தபிறகு எரிச்சல் குறைந்து ஆளுக்கு நிம்மதியாகக்கூட இருக்கும்! மூச்சு விட்டால் விசில் சத்தம் வரும், வீட்டுக்காரி சொன்னால்தான் தெரியும். பழைய பட்டறை ஒன்றில், மூத்தவர்கள் டார்ச் அடித்து இந்தப் பக்க மூக்கிலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிவதைப் புதுப் பையன்களுக்கு வித்தை காட்டுவார்கள். பிளேட்டர் என்பதற்கு அடையாளமாம். எனக்கு அந்தப் பெருமை எப்போதுமே பிடித்ததில்லை.

வாரம் ஒருநாள் கண்ணாடி முன்னால் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, ஃபோன் டார்ச்சில் இரண்டு துவாரத்திலும் நடுச்சுவரைப் பாருங்கள். சிவப்பு, பொருக்கு, வெளுத்த புள்ளி எதுவானாலும் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். நோண்ட வேண்டாம், மெதுவாகத் தண்ணீரில் கழுவுங்கள். உள்ளே வாஸலின் தடவிக்கொள்வது பழைய வழக்கம், செய்யலாம், ஆனால் அதை நம்பி எக்ஸாஸ்டை நிறுத்துகிற முதலாளி இருக்கிறார். இருமலும் நெஞ்சு இழுப்பும் வேலை நாளில் வந்து லீவு நாளில் குறைகிறதா என்று குறித்து வையுங்கள், ஆஸ்துமாவுக்கு அதுதான் முதல் தடயம்.

காற்றும் கணவாயும்

நம் ஊரில் இதை எழுதாமல் விட முடியாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று தள்ளும். மார்கழி, தையில் அதே கணவாயில் கிழக்கிலிருந்து திரும்பி அடிக்கும். ஷெட்டின் இரண்டு பக்க ஷட்டரும் திறந்திருந்தால் உள்ளே ஜம்மென்று காற்றோட்டம் இருக்கும், எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் தொட்டி ஓரத்து உறிஞ்சி மெதுவாக இழுக்கும் காற்றை இந்த எதிர்க்காற்று அறுத்துவிடும். தூவானம் உறிஞ்சிக்குள் போகாமல் பக்கத்தில் பஃபிங் (பாலிஷ்) பண்ணுகிறவன் முகத்துக்குப் போகும். காற்றோட்டமான ஷெட் ஆரோக்கியமானது என்ற நினைப்பு குரோம் தொட்டிக்குப் பொருந்தாது.

செய்ய வேண்டியது: காற்று வரும் பக்கத்து ஷட்டரைத் தொட்டி உயரத்துக்கு மேலாவது மறையுங்கள், பிளாஸ்டிக் பட்டைத் திரை போதும். சீலிங் ஃபேன், பெடஸ்டல் ஃபேன் தொட்டியருகே கூடாது. உறிஞ்சி எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் நில்லுங்கள். காற்று முதலில் உங்கள் முகம், அடுத்து தொட்டி, அதற்கப்புறம் டக்ட் (உறிஞ்சிக் குழாய்) என்று போக வேண்டும். தலைக்கு மேல் தொங்கவிடும் ஹூடு எனக்கு உடன்பாடில்லை. குனிந்து ஜிக் மாட்டும்போது தூவானம் உங்கள் முகத்தைத் தாண்டித்தான் மேலே போகும். டக்ட் முடிவில் காற்றைத் தண்ணீரால் கழுவும் ஸ்கிரப்பர் கட்டாயம், இல்லையென்றால் பக்கத்து ஷெட்டுக்காரனுக்குப் பங்கு போடுகிறீர்கள்.

உறிஞ்சி வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு வழி. ரெக்டிஃபயரை அணைத்து, குமிழி அடங்கி, ஹைட்ரஜன் போனபிறகு ஊதுபத்தியைத் தொட்டி விளிம்பில் காட்டுங்கள், புகை நேராக உறிஞ்சியின் வாய்க்குள் போக வேண்டும். கரண்ட் ஓடும்போது ஊதுபத்தி, தீக்குச்சி எதுவும் கூடாது. ஓடும்போது பார்ப்பதற்கு வெள்ளைக் காகிதம். உங்கள் மூக்கு உயரத்துக்குத் தொட்டியருகே ஒரு துண்டை ஒட்டி, ஷிஃப்ட் முடிவில் எடுத்துப் பாருங்கள். மஞ்சள், பழுப்புப் புள்ளி விழுந்திருந்தால் அதே புள்ளி உங்கள் மூக்கிலும் விழுந்திருக்கிறது. முதலாளியிடம் வாயால் சொல்வதைவிட அந்தக் காகிதத்தை மேசைமேல் வைப்பது நன்றாக வேலை செய்யும். முறையாக அளப்பதற்கு ஆள் வரவழைத்தால், நம் 1948 சட்டம் வைத்த வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம். அமெரிக்காவில் 2006-இல் அதில் பத்தில் ஒரு பங்காக, 5 மைக்ரோகிராமாகக் குறைத்துவிட்டார்கள். நான் அந்த இரண்டாவது எண்ணைத்தான் கேட்பேன்.

மேலே மிதக்கவிடும் பிளாஸ்டிக் பந்துகளும் நுரை மருந்தும் தூவானத்தை நன்றாகவே குறைக்கும். பழைய நுரை மருந்துகளில் இருந்த பிஎஃப்ஓஎஸ் என்ற பொருளை ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் 2009-இல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது, அதனால் வாங்கும்போது அது இல்லாததாகக் கேளுங்கள். துணி மாஸ்க், ஆஸ்பத்திரி நீல மாஸ்க் இரண்டும் இதற்கு உதவாது. முகத்தோடு ஒட்டும் ரப்பர் மாஸ்க்கும் பி-3 தர வடிகட்டியும் வேண்டும். தாடி இருந்தால் ஒட்டாது.

தொட்டிக்குச் சரக்குப் போடும்போது

வழக்கமான பாத் (தொட்டிக் கரைசல்) என்றால் லிட்டருக்கு 250 கிராம் ஃபிளேக்ஸ், 2.5 கிராம் சல்ஃப்யூரிக், நூற்றுக்கு ஒன்று. கரைசலின் அடர்த்தி பார்க்கும் பாமே மானியில் ஏறத்தாழ 21 காட்டும். ஹார்டு குரோமுக்குச் சூடு 50 முதல் 55 பாகை. தண்ணீரில் ஃபிளேக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், ஃபிளேக்ஸ் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. டிரம் திறக்கும்போது மூடியடியில் சிவப்புத் தூசி பறக்கும், அந்த நேரத்துக்கு மாஸ்க், கண்ணாடி, எக்ஸாஸ்ட் மூன்றும் ஓட வேண்டும். உள் பையை உதறவே கூடாது.

சிந்தினால் மரத்தூள் போடுவது மற்ற பட்டறைப் பழக்கம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த்தூள் மலிவு, எண்ணெய் சிந்தினால் அதைத்தான் கொட்டுவோம். ஃபிளேக்ஸ் மேல் அதைக் கொட்டினால் தீப்பிடிக்கும். வேஸ்ட் துணி, எண்ணெய், தின்னர், அசிட்டோன், ஸ்பிரிட் எல்லாமே அப்படித்தான், தீக்குச்சியே தேவையில்லை. காய்ந்த ஃபிளேக்ஸை பிளாஸ்டிக் முறத்தில் அள்ளித் தொட்டியிலேயே போட்டுவிட்டு, தரையைச் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் கழுவுங்கள். மஞ்சள் போய்ப் பச்சையானால் ஹெக்சா, ஆபத்து குறைந்த டிரைவேலன்ட் வடிவமாக ஆகிவிட்டது என்று அர்த்தம். துரு எடுக்கும் ஹைட்ரோகுளோரிக் பிக்கிளிங் தொட்டி பக்கத்தில் இருந்தால் இரண்டும் கலக்காமல் தடுப்பு வேண்டும், கலந்தால் குளோரின் வரும்.

தொட்டிக்குள் தொங்கும் ஈய ஆனோடை (கரண்டின் பிளஸ் தகடு) மறக்காதீர்கள். தொட்டி சும்மா கிடந்தால் அதன்மேல் மஞ்சள் பொருக்குப் படியும், அது லெட் குரோமேட். ஈயமும் ஹெக்சாவும் ஒரே தூசியில். வெளியே வெயிலில் காயவைத்து ஒயர் பிரஷ் போட்டுத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். தொட்டியிலிருந்து எடுத்த ஈரத்தோடேயே, தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும்.

மேலே பட்டுவிட்டால்

ஓடும் தண்ணீர், உடனே. உடையைக் கழற்றிக்கொண்டே கழுவுங்கள், கால் மணி நேரத்துக்குக் குறையாமல். கண்ணுக்கும் அப்படியே, இமையை விரித்துப் பிடித்து. வெட்கம், நேரம், முதலாளி எதையும் பார்க்காதீர்கள். கெட்டியான கரைசல் உடம்பில் கொட்டினால் அது தோலோடு நிற்பதில்லை. உடம்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் பட்ட குரோமிக் புண்ணே சிறுநீரகத்தை நிறுத்தி ஆளைக் கொன்றது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. அதனால் ‘சாதாரண ஆசிட் புண்’ என்று களிம்பு போட்டு வீட்டுக்கு அனுப்ப விடாதீர்கள். ‘குரோமிக் ஆசிட், ஹெக்சாவேலன்ட் குரோமியம், கிட்னி பாருங்க’ என்று ஒரு அட்டையில் எழுதி முதலுதவிப் பெட்டியில் தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் வைத்துவிடுங்கள். பீகார் பையன்கள் இருந்தால் இந்தியிலும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், நேராக ஆஸ்பத்திரி.

டிரம்மும் துணியும்

வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கம் மழை மறைவுப் பகுதி. கோடையில் தண்ணீர் பிடித்து வைக்க எந்த டிரம் கிடைத்தாலும் வாங்குவார்கள். பட்டறை டிரம் அந்த வழியில் வீட்டுக்குப் போகாமல் பார்ப்பது நம் பொறுப்பு. கழுவின தண்ணீரைத் தொட்டியிலேயே ஊற்றிவிட்டு, அடியில் ஓட்டை போட்டு, அனுமதி உள்ள ஆளிடம் மட்டும் கொடுங்கள். ரின்ஸ் தண்ணீரைக் குழி தோண்டி விடுவது இன்னும் பெரிய கொடுமை. ராணிப்பேட்டை சிப்காட்டில் மூடிப்போன குரோமேட் ஆலை விட்டுப்போன ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு, பல வருஷம் கழித்தும் நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது இந்தியத் தர அளவு. மெட்டாபைசல்ஃபைட் போடும்போது பிஎச் 2.5-க்குக் கீழே, பச்சையானபிறகு சுண்ணாம்பு போட்டு 8, 9-க்கு ஏற்றினால் குரோமியம் சேறாகப் படியும். சேறு தமிழ்நாட்டுப் பட்டறையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கும், கேரளப் பட்டறையிலிருந்து கொச்சி அம்பலமேட்டுக்கும் போக வேண்டியது.

வேலைத் துணியை வீட்டில் பெண்டாட்டி பிள்ளை துணியோடு துவைக்காதீர்கள். பட்டறையிலேயே துவைக்க ஏற்பாடு கேளுங்கள். தொட்டியருகே டீ, பீடி, பாக்கு எதுவும் வேண்டாம். கை கழுவாமல் பீடி பிடிப்பவன் மூக்கு, வாய், நுரையீரல் மூன்றுக்கும் சேர்த்துத் தீனி போடுகிறான்.

காகித வேலை

குரோமிக் ஆசிட் பிளேட்டிங் ஆபத்தான செய்முறை என்று இரண்டு மாநில விதிகளிலும் உண்டு. சேரும்போதும் அதன்பிறகு முறையாகவும் மருத்துவச் சோதனை முதலாளி செலவில் நடக்க வேண்டும். வாளையாற்றுக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், கேரளப் பக்கம் ஃபேக்டரீஸ் அண்ட் பாய்லர்ஸ் துறை. புகார் எங்கே கொடுப்பது என்பது ஷெட் எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது, உங்கள் வீட்டைப் பொறுத்தது இல்லை. ஈஎஸ்ஐ எண் மட்டும் நாடு முழுக்க ஒன்றுதான். பட்டறை மாறினாலும், எல்லை தாண்டினாலும் அதே எண்ணைக் கொடுங்கள், புதிதாகப் பதிய விடாதீர்கள். குரோமியத்தால் வரும் நோய் தொழில்நோய் இழப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் நுரையீரல் புற்றுநோய் வேலையை விட்டு இருபது வருஷம் கழித்தும் வரலாம், அப்போது பட்டறையே இருக்காது. எந்த வருஷம் எந்தப் பட்டறையில் எந்தத் தொட்டியில் நின்றீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, சம்பளச் சீட்டு, மருத்துவச் சீட்டு நகல்களோடு வீட்டில் வையுங்கள், வைத்த இடத்தை வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள்.